பேருக்காக ஒரு உயிர்

அரிசியளவு வண்டு ஒன்று புதிய இனம்தானா? பல வண்டுகளில் அதைக் கொன்று, ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அந்த உடலே இனத்தின் மூலமாதிரியாக ஊசியில் நிற்கும். தரங்கம்பாடியில் பிடிபட்ட வண்டுகள் பலவும் டென்மார்க் போய், ஃபப்ரீசியஸ் (1745–1808) வைத்த பெயர்களோடு அப்படித்தான் நிற்கின்றன.

ஒரு பேருக்காக ஒரு உயிரைக் கொல்லலாமா? பண்ருட்டியில் உட்கார்ந்து யோசித்தால் கேள்வி அத்தோடு முடிவதில்லை. பக்கத்தில், 1957-ல் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கம் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை மொத்தமாகப் புரட்டுகிறது. அந்த மண்ணில் வாழ்ந்த பேரில்லாத பூச்சிக்காக யார் போய்க் கணக்குக் கேட்பது? எந்தப் பட்டியலிலும் அது இல்லையே.

ஆகவே அந்த ஒரு சாவை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பேர் வைத்தவர் மிச்சமிருக்கும் வண்டுகளுக்காகவும் பேசணும். பேரோடு வேலை முடிஞ்சதுன்னு பெட்டியை மூடிட்டா, அது வெறும் கொலைதான்.