கொலைகாரன் எடுத்த படங்கள்

கம்போடியாவில் நோம் பென் நகரின் துவோல் ஸ்லெங் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். கெமர் ரூஜ் ஆட்சி அதை எஸ்-21 என்ற சிறையாக்கியது. சில வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து ஒற்றை ஆள் கொட்டடிகள் எழுப்பினார்கள். கைதிகள் குதித்துச் சாவதைத் தடுக்க மாடித் தாழ்வாரத்தில் முள்கம்பி வலை கட்டினார்கள். அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் குறைந்தது 12,272 பேர் உயிரிழந்ததாக, சிறைத் தலைவன் டூச் மீதான வழக்கில் நீதிமன்றம் 2010இல் கண்டது.

வந்து இறங்கியதும் ஒவ்வொருவரையும் படமெடுத்தார்கள். ஒரு படத்தில் சிறுவன் ஒருவனுக்கு மேல்சட்டை இல்லை. எண் அட்டையை அவன் தோலிலேயே ஊக்கால் குத்தியிருக்கிறார்கள். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் கட்டடத்தில் அந்தப் படங்கள்தான் வரிசை வரிசையாக நிற்கின்றன. எடுக்கச் சொன்னவன் கொலைகாரன். படத்தில் இருப்பவரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அப்படியிருக்க, அவற்றை ஊரார் பார்க்க வைப்பது தகுமா?

வைக்கத்தான் வேண்டும். சாம்பலோ எலும்போ கிடைக்காத குடும்பங்கள், 1979இல் அந்த ஆட்சி விழுந்த பிறகு, தம் மனிதர்களை இந்த முகங்களுக்கு நடுவே தேடின. அவற்றைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே போல, இறந்தவரைத் தம் காரியத்துக்கு எடுத்தாளவும் யாருக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டாவது எல்லையைப் பலரும் மீறியிருக்கிறார்கள். கண்காட்சியை முதலில் வடிவமைத்த வியட்நாமிய அதிகாரி மாய் லாம், மண்டையோடுகளை அடுக்கிக் கம்போடிய வரைபடம் செய்தார். 2002இல்தான் அது அகற்றப்பட்டது. 1997இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் படங்களில் சிலவற்றைத் தன் புகைப்படப் பிரிவில் காட்சிக்கு வைத்தது. 2021இல் ஒருவர் இவற்றுக்கு வண்ணம் தீட்டி, சில முகங்களில் புன்னகையையும் சேர்த்து வெளியிட்டார். கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்த பின் அவை நீக்கப்பட்டன. மூன்றிலும் கொடியது இந்தப் புன்னகைதான். மண்டையோட்டு வரைபடம்கூடக் கொலையை மறைக்கவில்லை.

இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. எஸ்-21 கைதிகளில் பெரும்பாலோர் கெமர் ரூஜ் இயக்கத்தையே சேர்ந்தவர்கள். அங்கே காவல் காத்தவர்களும் விசாரித்தவர்களும்கூடப் பின்னர் எண் அட்டையோடு அதே கேமராவின் முன் நிறுத்தப்பட்டார்கள். பார்க்க வருபவர் மனம் மாசற்றவருக்காகவே அழ விரும்பும். ஆகவே அருங்காட்சியகத்துக்கு இந்த உண்மையைத் தவிர்ப்பது எளிது. தவிர்க்கக் கூடாது. பெயர், ஊர், இயக்கத்தில் பார்த்த வேலை என்று தெரிந்ததை எல்லாம் எழுதத்தான் வேண்டும். ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை ஒருவரின் வரலாறாக எழுதிவிடக் கூடாது. அமெரிக்க உளவாளி என்றும் சோவியத் உளவாளி என்றும் சித்திரவதையில் ஒப்புக்கொண்டவர்கள் அங்கே ஏராளம்.

காவலாளியாக இருந்து கைதியாக மாண்டவனின் வீட்டாருக்கு இந்தக் குறிப்பு வலிக்கும். அவன் கையில் அடிபட்டவரின் பிள்ளைகளோ, அவன் படமும் தம் தகப்பன் படமும் ஒரே வரிசையில் இருப்பதைப் பொறுக்க மாட்டார்கள். இரு வீட்டாரும் வந்து நிற்பது ஒரே அறையில். அருங்காட்சியகம் அவர்களுக்கு வெவ்வேறு குறிப்புகள் எழுதிவைக்க முடியாது.