வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து நோன்பா?

மகா சிவராத்திரி முடிந்து வரும் அமாவாசையில் காவேரிப்பட்டினத்தில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டை நோக்கிப் புறப்படுவாள். அலகு குத்தியவர்களும் காளி வேடம் கட்டியவர்களும் முன்னால் ஆடிக்கொண்டு போவார்கள். வேகவைத்த பயறு, கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு என்று வேண்டிக்கொண்டவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் சூறை விடுவார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அந்தக் கொழுக்கட்டையில் ஒரு துண்டு உள்ளே போனால் வயிறு திறக்கும் என்று நம்பிக்கை. நானும் நம்புகிறவள்தான்.

இந்தத் திருவிழாவுக்கு எங்கள் பக்கம் சொல்லும் கதை இது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. பிச்சை எடுத்துக் கிடைக்கும் சோற்றையெல்லாம் அதுவே தின்றது, ஏந்தியவர் பட்டினி. அம்மன் சோறாக்கினாள். இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இட்டாள். ருசி கண்ட கபாலம் மூன்றாவதுக்கு வாய் திறந்தபோது அதைத் தரையில் இறைத்தாள். பொறுக்கித் தின்னக் கபாலம் கையை விட்டு இறங்கியதும், காலால் மிதித்து அழுத்திவிட்டாள். ஏந்தியவனுக்குச் சோறு போய்ச் சேரவில்லை என்பதைப் பார்த்துப் பதறியவள் எங்கள் அம்மன். அவள் பெயரைச் சொல்லி ஒரு கர்ப்பிணி பட்டினி கிடப்பது அவளுக்கு ஏற்குமா? கிராம சுகாதார செவிலியராக இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போன காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னோடு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஐந்தாம் மாதம். துணை சுகாதார நிலையத்துக்கு வந்தபோது உதடு வெளுத்து, கண்ணின் கீழ் இமையைத் தாழ்த்தினால் சிவப்பே இல்லாமல் இருந்தாள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தசோகை. 7க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஒருபொழுது, கிருத்திகையும் அமாவாசையும் முழுப் பட்டினி. மற்ற நாளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருக்கும் களியும் ரசமும். மாத்திரை? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள்.

“ரெண்டு தடவை கலைஞ்சிடுச்சு நர்சம்மா. இதுவாவது தங்கணும்னுதான் அம்மாவுக்கு வேண்டிக்கிட்டேன். இப்ப சாப்பிட்டா அம்மா கோவிச்சுக்க மாட்டாளா?”

கீரை, பயறு, முட்டை, மாத்திரை என்று ஒப்பிக்க எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது சாமியைப் பற்றிய கேள்வி. இழந்த இரண்டுக்கும் சேர்த்து, தன்னிடம் இருந்த ஒரே பொருளை, தன் சோற்றை, அவள் அம்மனிடம் கொடுத்திருக்கிறாள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் அவள் மறுபடி என்னிடம் வரமாட்டாள். வந்தாலும் பொய் சொல்வாள். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நோன்பு என்பது ஒருவர் தன்னைத் தானே கட்டிக்கொள்வது. என் பசியை நான் தாங்குகிறேன் என்று என் வாயால் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரியின் பசியை நான் நேர்ந்துவிட முடியாது. வயிற்றில் இருக்கும் பிள்ளை எந்தச் சாமியிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் வாயைக் கட்டும் உரிமை தாய்க்கும் கிடையாது என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். சுசுருதர் நான்காம் மாதம் முதல் கர்ப்பிணியை இரண்டு இதயம் உடையவள் என்கிறார். அவள் ஆசைப்படுவதைக் கொடுக்க வேண்டும், மறுத்தால் பிள்ளையைப் பாதிக்கும் என்றும் சொல்கிறார். இரண்டு இதயம் இருக்கும் உடம்பில் ஓர் இதயம் மட்டும் எடுத்துக்கொண்ட விரதம் எப்படி முழு விரதமாகும்?

உடம்பும் இதையே சொல்கிறது. கர்ப்பிணி ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்தால் மற்றவர்களைவிட வேகமாக அவள் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். உடம்பு கொழுப்பை உருக்கத் தொடங்கும். நாம் ஒரு நாள் பட்டினியில் போய்ச் சேரும் நிலைக்கு அவள் ஓர் இரவிலேயே போய்விடுவாள். பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரும்புச் சத்து விஷயத்தில் அது பாதி உண்மை. தாயிடம் இல்லாத நேரத்திலும் பிள்ளை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் கூடப் போனாலும் அப்படிப்பட்ட தாய் தாங்கமாட்டாள். மிச்சப் பாதியை யாரும் சொல்வதில்லை. தாய்ப்பாலில் இரும்புச் சத்து குறைவு. முதல் ஆறு மாதத்துக்கு வேண்டியதைப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சேமித்துக்கொண்டு பிறக்க வேண்டும். சேமிக்க அங்கே ஒன்றும் இல்லை என்றால் கடனோடு பிறக்கிறது.

சாஸ்திரம் விரதத்தைத்தானே சொல்கிறது என்பார்கள். பெண்ணைப் பல இடங்களில் கட்டிப்போடும் மனுஸ்மிருதியே மூன்றாம் அத்தியாயத்தில், புதிதாக மணமானவள், சிறுமி, நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு விருந்தாளிக்கும் முன்பாக, யோசிக்காமல் சோறு போடச் சொல்கிறது. விருந்தாளியைத் தெய்வமாக வைத்த மரபு அந்தத் தெய்வத்தையும் இவளுக்குப் பின்னால் உட்கார வைத்தது. எங்கள் ஊர்ப் பாயம்மாக்களிடம் பேசும்போது, கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிறவளுக்கும் ரமலான் நோன்பில் சலுகை தரும் நபிமொழியை அவர்களே சொல்வார்கள், பிறகு நோற்றுக்கொள்ளலாம். இருந்தும் சஹருக்கு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் நோன்பு பிடிக்கும் மருமகள்களை அந்தத் தெருக்களிலும் பார்த்திருக்கிறேன். மதம் விட்டுக்கொடுத்த இடத்தைக்கூட வீடு விட்டுக்கொடுக்காது. சலுகையை எடுத்துக்கொண்டால் பக்தி குறைவு, சோம்பேறி என்று பேர் வந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பெண்ணின் மாமியாரிடம் பேசினேன். கெட்ட மனுஷி இல்லை. “நாங்க எல்லாம் இல்லாமலா பெத்தோம்? பட்டினி கெடந்து, களை எடுத்து, ஆறு பெத்தேன்” என்றார். சற்றுப் பொறுத்து, கேட்காமலே, “நாலு நிக்குது” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த இரண்டையும் அவர் விதி என்று வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நடந்திருக்கிறார். என்ன காரணம் என்று எனக்குத் தெரியாத நிலையில், அது பட்டினியால்தான் என்று அவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

வினை என்ற சொல்லை இங்கே கவனமாகத் தொட வேண்டும். அவரவர் செய்தது அவரவருக்கு என்பது நம் நம்பிக்கை. கருவில் இருக்கும் பிள்ளை விஷயத்தில் அந்தக் கணக்கு நேராக வருவதில்லை. 1944 குளிர்காலத்திலிருந்து 1945 வரை ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே ரேஷன். அப்போது கருவில் இருந்தவர்கள் ஐம்பது வயதைத் தொட்டபோது மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் பலருக்குக் குறைந்திருந்தது; கருவின் முதல் மாதங்களில் பஞ்சத்தில் மாட்டியவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருந்தது. அவர்கள் தாய்மார்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. ரேஷனை வெட்டியவர்கள் வேறு யாரோ. யாரோ செய்ததைப் பிறக்காத பிள்ளை ஐம்பது வருஷம் சுமக்கிறது. நம் நாட்டிலும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே முன்வினை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கடைசியில் சாப்பிடும் பழக்கத்துக்கு விதி என்று பேர் வைத்து நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

கடினமான கேள்வி இன்னொன்று உண்டு. நோன்பை நிறுத்து என்று சொல்ல நான் யார்? வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. சம்பளம் புருஷன் கையில். அம்மனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வேண்டுதல்தான் அவளாக முடிவெடுத்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிச்சம்? இதற்குப் புத்தகத்தில் விடை கிடைக்கவில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு கோயில் பூசாரியிடம் போனோம். வயதானவர். முதலில் தயங்கினார், வாயால் சொன்னதை மாற்றக் கூடாது என்றார். இரண்டு முறை கலைந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வேண்டுதலைத் தள்ளி வெக்கலாம்மா, தள்ளித்தான் விடக் கூடாது. புள்ள பால்குடி மறக்கட்டும், அப்புறம் இருந்து முடி. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் படைச்சு, படைச்சத மொதல்ல நீ சாப்பிடு” என்றார். கிட்டத்தட்ட அந்த நபிமொழி சொல்வதேதான். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வெள்ளிக்கிழமை படையலில் பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும் முட்டையும் வந்தன. முட்டையைப் படைக்கலாமா என்று மாமியார் கேட்டார். கிடாவே வாங்கிக்கொள்கிறவள் முட்டையை வேண்டாம் என்பாளா என்றேன். அவரைக்காய்ப் பருவத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னேன். டீயோடு வேண்டாம், டீ இரும்பைச் சேரவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து ஊசியும் போட்டார்கள்.

பிரசவம் ஆன பிறகு வேறு தீட்டு, வேறு பத்தியம். பெற்றவளுக்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பார்கள். பழம் ஆகாது, கீரை ஆகாது. பால் சுரக்க மற்ற நாளைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டிய வயிற்றுக்குப் பூண்டுக் குழம்பும் ஒரு பிடி சோறும். பூண்டு நல்லதுதான், பிடி சோறுதான் போதாது. பிள்ளைக்கோ முதலில் சேனை வைக்க வேண்டும். நல்ல குணம் உள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அந்தப் பெரியவர் ஊரிலிருந்து வந்து சேரும் வரை பிள்ளை அழுதுகொண்டிருக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் அதைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம். முதலில் வரும் மஞ்சள் பால் பிள்ளையின் குடலுக்குப் போடும் முதல் தடுப்பு மருந்து. வீட்டில் மாடு கன்று போட்டால் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துச் சாப்பிடுகிற அதே குடும்பம், பெற்றவளின் சீம்பாலைக் கெட்ட பால் என்று துணியில் பிழிந்து போடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். பத்து மாதம் சுமந்தவளின் குணத்தைவிட நல்ல குணம் ஊரில் யாரிடம் இருக்கிறது? அவள் வைப்பதுதான் முதல் சேனை என்று எல்லா வீட்டிலும் சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

கோயிலும் மாமியாரும் சம்பந்தப்படாத பட்டினியும் ஒன்று உண்டு. இங்கிருந்து ஓசூர்ப் பக்கக் கம்பெனிகளுக்கு விடியுமுன் வேன் ஏறும் பெண்கள் இப்போது நிறைய. வேனைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாடு கிடையாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு பற்றிய சட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார விடுப்பு தருகிறது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலைக்கு நடுவே இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது. பிள்ளை காவேரிப்பட்டினத்தில், தாய் அறுபது கிலோமீட்டர் தள்ளி லைனில். அந்த இடைவேளையில் அவள் என்ன செய்வாள்? மார்பு கட்டிக்கொண்டு சட்டை நனையும்போது கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கொட்டுகிறாள். ஒருத்தி இதை என்னிடம் சொன்னபோது, பாலைச் சாக்கடையில் விடுவது பாவமா நர்சம்மா என்று கேட்டாள். பாவம்தான், ஆனால் உன்னுடையது இல்லை என்றேன்.

பல கம்பெனிகளில் கேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில் பார்த்திருக்கிறேன். ஷிப்டுக்குப் போகும்போது பெண்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளையாருக்கு இடம் ஒதுக்கிய முதலாளிகளிடம் அதே அளவில் இன்னோர் அறை கேட்கிறேன். உள்ளே தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி. சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி அதில் வைத்த பால் நான்கு நாள் வரை கெடாது. ஷிப்டு முடிந்ததும் ஐஸ் வைத்த டப்பாவில் வேனில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம்.