விடுதலைப் பந்தமா, விற்பனைத் தந்திரமா?

1929ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள். நியூயார்க் நகரின் ஃபிஃப்த் அவென்யூவிலே ஈஸ்டர் திருநாள் ஊர்வலம். பட்டும் பகட்டுமாகச் சென்ற கூட்டத்திடையே இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்தனர், புகைவிட்டபடியே நடந்தனர். பெண் தெருவிலே புகைப்பது பழி என்றிருந்த காலம் அது. ஏடுகள் அதனைச் செய்தியாக்கின. சிகரெட்டுக்கு ‘விடுதலையின் தீப்பந்தங்கள்’ என்ற பெயரும் கிடைத்தது.

ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதியா என்ற கேள்வி அச்செயலிலே ஒலித்தது. 1920இல்தான் அந்நாட்டு அரசியல் சட்டம் பெண்ணின் வாக்குரிமையை ஏற்றது. அன்று நாம் அங்கிருந்தால், நாமும் கைதட்டியே இருப்போம்!

ஆனால் அந்தக் காட்சியை அமைத்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்பவர். உளவியல் அறிஞர் ஃபிராய்டின் மருமகன். பொதுமக்கள் தொடர்பு என்பதைத் தொழிலாகவே வளர்த்தவர். அவருக்குக் கூலி கொடுத்ததோ அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. பெண்ணின் அடிமைத்தளையை அறுப்பதன்று அக்கம்பெனியின் கவலை. பெண்ணும் சிகரெட் வாங்க வேண்டும் என்பதே. தெருவிலே தெரிந்தது உரிமைக்குரல். திரைக்குப் பின்னே இருந்தது பணப்பெட்டி.

“சொன்னவர் எவராயினும் சொல்லின் மெய்யைக் காண்பதன்றோ வள்ளுவர் காட்டிய வழி? பெண்ணுக்குச் சமத்துவம் வேண்டும் என்பது மெய்தானே! அதைக் கம்பெனி சொன்னால் என்ன?” என்று கேட்கக்கூடும் நண்பர்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் மெய்யைக் காண வேண்டுமானால் முழுப்பொருளையும் கண்முன் வைத்தாக வேண்டுமே! “சமத்துவம் வேண்டும்” என்பது அங்கே சொல்லப்பட்ட பாதி. “ஆகவே எங்கள் சரக்கை வாங்கு” என்பது மறைக்கப்பட்ட மீதி. வணிகன் தன் கடை வாயிலில் நின்று கூவினால், கேட்பவர் எடைபோட்டுக் கேட்பார். அவனே தோழன் வேடம் புனைந்து வந்தால், எடைபோடும் உரிமையே பறிபோகிறது. விளம்பரம் செய்வது குற்றமன்று; விளம்பரம் என்பதை மறைப்பதே குற்றம். புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அறிக்கை அறிவித்தது 1964இல். விடுதலை என்று நம்பிப் புகைத்தவர்கள் கொடுத்த விலை என்னவென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இன்று ஊர்வலமும் தேவையில்லை. உள்ளங்கைக் கருவி போதும். சமூக வலைத்தளத்திலே, நமக்குப் பழகிய முகம் ஒன்று ஒரு சரக்கைப் புகழ்கிறது. அன்பா, ஊதியமா? நமக்குத் தெரிவதில்லை. பொய்க் கணக்குகள் ஆயிரம் சேர்ந்து ஆரவாரம் எழுப்பினால், அதுவே மக்கள் தீர்ப்பாகத் தோற்றமளிக்கிறது. பணமோ கைம்மாறோ பெற்றுப் பேசுவோர், அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் நெறி வகுத்தது. நெறி வந்தது, அதை நிறைவேற்றக் கேட்பவரின் விழிப்பும் வேண்டும்.

அந்த விழிப்பு நம்மீதும் திரும்ப வேண்டும், தோழர்களே! நமக்கு உவப்பான செய்தி வந்தால், ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். “நோக்கம் நல்லது, சிறிது பொய் கலந்தால் என்ன?” என்று நம்முள்ளேயே ஒரு குரல் எழுகிறது. அது பெர்னேஸின் குரல்! பிறரை ஆதாரம் கேட்கும் நாம், நம் கையால் அனுப்பும் சொல்லுக்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டாமா?

பேசுபவர் யார், பணம் யாருடையது என்று கேட்போம். நம்மை நோக்கி அக்கேள்வி வருமானால், தயங்காமல் விடை சொல்வோம். சொல்ல இயலாத நாளில் மேடையைவிட்டு இறங்குவதே நேர்மை.