உண்ணப்படும் உயிருக்கான வழிபாடு

ஜப்பானுக்குப் புதிதாகச் செல்பவர், அதிலும் குறிப்பாகப் புலால் உண்ணாதவர், முதல் சில வேளை உணவிலேயே ஒரு முரண்பாட்டைச் சந்திக்கிறார். கொல்லாமையை முதல் சீலமாக, அதாவது முதல் ஒழுக்க விரதமாகக் கொண்ட பௌத்தம் நூற்றாண்டுகளாக வேரூன்றிய அந்நாட்டில், காய்கறி மட்டுமே உள்ளதாகத் தோன்றும் சூப்பிலும் 'தாஷி' எனப்படும் அடிச்சாறு பெரும்பாலும் கலந்திருக்கிறது. புகையூட்டி உலர்த்திய சூரை மீனை மெல்லிய இழைகளாகச் சீவி வெந்நீரில் இட்டு எடுப்பதே பரவலாக வழங்கும் தாஷி. பௌத்தம் இங்கே பெயரளவில்தான் எஞ்சியிருக்கிறது என்று அவர் முடிவு கட்டினால், அம்முடிவு அவசரமானதே தவிர முற்றிலும் அடிப்படையற்றது அன்று.

கொல்லாமையிலிருந்து புலாலுண்ணாமை தானாகவே பெறப்படுமா என்பதில் பௌத்த நூல்களே ஒருமித்து நிற்கவில்லை. தனக்காகவே கொல்லப்பட்டது என்பதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் பெற்ற இறைச்சியைப் பிக்கு உண்ணலாம் என்று பழைய விநய விதிகள் இசைவளிக்க, மகாயான நூலாகிய லங்காவதார சூத்திரம் இறைச்சியை அறவே விலக்கியது. ஜப்பானிய அரசு எடுத்த நிலை இவ்விரண்டிலும் அடங்காதது. 675இல் தெம்மு பேரரசர் பிறப்பித்த ஆணை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியை ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை தடைசெய்தது. அது உழவுக்காலம் என்பதால், அருளோடு வேளாண்மை நலனும் அதில் கலந்திருந்தது என்று கருத இடமுண்டு. மானும் காட்டுப்பன்றியும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை, மீனுணவும் தொடர்ந்தது.

தொடர்ந்து கொன்றவர்கள் தம் செயலை எவ்வாறு எண்ணினர் என்பதே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. யமகுச்சி மாநிலத்தின் நகாத்தோ நகரைச் சேர்ந்த கயோய் என்னும் கடலோர ஊரில், 1692இல் எழுப்பப்பட்ட திமிங்கிலக் கல்லறை ஒன்று இன்றும் உள்ளது. பிடிபட்ட தாய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் இருந்த கருக்களைத் திமிங்கில வேட்டைக்காரர்கள் அங்கே அடக்கம் செய்தனர். மனிதர் இறந்தபின் பெறும் பௌத்தப் பெயரைப் போன்ற பெயர் திமிங்கிலங்களுக்கும் சூட்டப்பட்டு, ஊர்க்கோயிலின் இறந்தோர் பதிவேட்டில் எழுதப்பட்டது. வினைப்பயன் தீர்ந்த உயிர்கள் விடுவிக்கப்பட்டாலும் பிழைக்கா, ஆதலால் மனிதரிடம் தங்கி அவர்களோடு புத்தநிலை எய்தட்டும் என்னும் கருத்து அக்கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. இக்கருத்து சுவா என்னும் ஷிந்தோ கோயிலைச் சார்ந்த வேடர் மரபில், மான் முதலியவற்றை உண்பதற்கு நியாயமாக வழங்கியது. உண்பவனுக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறொன்று இருக்க முடியாது. ஆனால் கயோயில் அது உண்ணப்படாத கருக்களின்மேல் நிற்கிறது. நியாயம் கற்பிக்கப் பிறந்த வாசகம், நியாயம் கற்பிக்க முடியாத ஓரிடத்தில் வைக்கப்பட்டது.

விலாங்குக்கும் பேத்தை மீனுக்கும், ஏன், முறிந்த தையல் ஊசிகளுக்கும்கூட நடத்தப்படும் இத்தகைய நினைவுச் சடங்கு 'குயோ' எனப்படுகிறது. தின்பதற்காகக் கொள்வார் இல்லையெனில் விற்பாரும் இல்லை என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாதிடும் வள்ளுவர், கொலையின் பொறுப்பை உண்பவன்மேலும் சுமத்துகிறார். அவ்வாதத்தின் முன் விநயத்தின் மூன்று நிபந்தனைகள் வலுவிழக்கின்றன. குயோவோ பொறுப்பை மறுப்பதில்லை; கொன்றவனே வந்து வணங்குவதால் கொலை ஒப்புக்கொள்ளப்படுகிறது. அந்த அளவில் அது விநய விதியைவிட நேர்மையானது. எனினும் ஒப்புக்கொண்ட கடன் அடைந்த கடனாகிவிடாது; அடுத்த பருவத்திலும் படகுகள் கடலுக்குச் சென்றன என்ற வரலாற்றை எச்சடங்காலும் மறைக்க முடியாது.

நேர்மையோடு விலக்கையும் காத்த மரபு சென் பௌத்த மடங்களின் சமையற்கூடத்தில் உருவாயிற்று. 1237இல் சென் குரு தோகென் இயற்றிய 'தென்சோ கியோகுன்', மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கான அறிவுரை நூல். அரிசியையும் பாத்திரங்களையும் தன் கண்களைப் போலப் பேணுமாறும், களையும்போது ஒரு மணியும் வீணாகாதபடி பார்த்துக்கொள்ளுமாறும் அது பணிக்கிறது. புல்லும் மரமும் புத்தநிலை எய்தும் என்ற கோட்பாடு தெந்தாய்ப் பிரிவில் வலுப்பெற்றிருந்த நாட்டில், தாவர உணவும் குற்றமற்றது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எனவே அதற்கும் இந்தக் கவனம் தேவைப்பட்டது. மடங்களுக்குரிய 'ஷோஜின்' உணவில் மீனும் இறைச்சியும் மட்டுமின்றி வெங்காயம், பூண்டு போன்றவையும் விலக்கப்படுகின்றன. தாஷியும் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்தும் உலர்ந்த ஷிதாக்கே காளானிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

1872இல் மெய்ஜி அரசு, துறவியர் இறைச்சி உண்பதும் மணம் புரிவதும் இனி அவரவர் விருப்பம் என்று அறிவித்தது. அதன்பின் ஊர்க்கோயில் குருமாரில் பலர் குடும்பத்தினராயினர். அவர்களது அன்றாட உணவும் அண்டை வீட்டாரது உணவிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. புலால் உண்ணாத புதியவருக்குக் கோயா மலையின் கோயில் விடுதிகளில் ஷோஜின் உணவு இன்றும் கிடைக்கிறது. மலையிலிருந்து இறங்கியதும் சூப்பில் எந்தத் தாஷி என்று அவர் மீண்டும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.