விலகி நிற்கும் காந்தள்

பாபநாசம் அகத்தியர் அருவியில் குளித்தவர்களில் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். படியேறி மேலே போனால் கல்யாண தீர்த்தம். பாறைகளுக்கு நடுவே தாமிரபரணி ஒடுங்கி, ஆழ்ந்து கிடக்கும் இடம். சிவன் பார்வதி திருமணக் கோலத்தை அகத்தியர் இங்கிருந்தே கண்டார் என்கிறது தலபுராணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறவர்களுக்கு வழியோரத்திலும் ஒரு தரிசனம் உண்டு.

தும்பை தரையோடு தரையாக வெள்ளை பூத்திருக்கும். நாயுருவி வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. இவற்றுக்கு மேலே புதரைப் பற்றி ஏறி நிற்பது செங்காந்தள். முருகனுக்கு உகந்த பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவதும் இதுதான்.

அவசரமில்லாமல் நின்று பார்க்க வேண்டும். மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து சுடராக மேலெழும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், நாளாக ஆக நல்ல சிவப்பு. மகரந்தத் தாள்கள் சுற்றிலும் பரந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். தன் மகரந்தம் எளிதில் தன்மேல் படாதபடி ஒதுங்கி நிற்கிறது அது. வேறொரு பூவிலிருந்து பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ கொண்டுவர வேண்டும்.

அந்தத் திருப்பத்தில்தான் என் மனம் நிற்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்தாலும் நமக்கு நம் நினைப்புத்தான். என் அமைதி, என் வேண்டுதல், இன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்ற கணக்கு வேறு. நம் மகரந்தம் நம் மேலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. அருள் வேறிடத்திலிருந்து வர வேண்டியது என்றால், நாம் சற்றாவது விலக வேண்டாமா? அதற்காக வீடு வாசலை விட்டு ஓட வேண்டியதில்லை. காந்தள் தன் கொடியில்தானே இருக்கிறது!

அழகாயிருக்கிறதே என்று பறிக்கக் கூடாது. இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். செடியிலும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. அளவறிந்து தந்தால் மூட்டுவலிக்கு மருந்து, அளவு மீறினால் உயிர் போகும்.

எல்லாப் பூக்களுக்கும் விருந்தாளி வருவதில்லை. வராத பூ காய்க்காமலே உதிரும். மழைக்காலம் போனதும் கொடியும் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். அடுத்த மழையில் மறுபடி தளிர்த்துப் பூக்கும்போதும் சூல்தண்டு அதே போல் விலகித்தான் நிற்கும்.