வந்தியின் பங்கும் வாடகை வீடும்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலம் மண் சுமந்த படலம். மாணிக்கவாசக சுவாமிகளின் பொருட்டு வைகை பெருக்கெடுத்தபோது, கரை அடைக்கும் வேலையைப் பாண்டிய மன்னன் மதுரை மக்கள் எல்லோருக்கும் அளந்து பங்கிட்டான். பிட்டு அவித்து விற்றுச் சீவித்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை, துணை இல்லை, ஆள் பிடிக்கக் காசும் இல்லை. ஆனாலும் பங்கு பங்குதான்.

மன்னன் செய்ததிலே என்ன பிழை? எல்லோருக்கும் ஒரே அளவு, கணக்கு நேரானது. அந்தக் கணக்கிலே வந்தியின் வயது மட்டும் சேரவில்லை. அதனைச் சேர்ப்பதற்குச் சோமசுந்தரப் பெருமானே கூடையும் மண்வெட்டியுமாக வரவேண்டியதாயிற்று.

இன்று நமது ஊர்களிலும் முதுமையிலே வாடகை வீட்டில் இருப்போர் பலர். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதியவர்கள், போரிலே வீடிழந்தவர்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பக் காணி விற்றவர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசி, எரிவாயு, மருந்து எல்லாம் விலையேறின. ஓய்வூதியமோ பிள்ளை அனுப்பும் பணமோ அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் வீட்டுக்காரர், "இப்ப ஊரிலை போற வாடகை இதுதான் ஐயா" என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. மன்னன் அளந்ததும் பொய்யன்று.

வாடகைக்கென்று 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் நீதிமன்றப் படி ஏறி இறங்கும் வயதா அது?

வீட்டுக்காரர் எல்லோரும் செல்வந்தர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் அறையை வாடகைக்கு விட்டு அந்தக் காசிலே அடுப்பெரிக்கும் விதவைத் தாயிடம் விட்டுக்கொடுக்கும்படி கேட்பது அறமாகாது. அவரும் ஒரு வந்தியே. கடமை விழுவது, அந்த வாடகை இல்லாவிட்டாலும் சோறு குறையாதவர் மேல். கோயில் திருப்பணிக்கு இலட்சக்கணக்கில் அனுப்பும் ஒருவருடைய வீட்டிலேயே, கூட்டிய வாடகைக்காக ஓர் ஆச்சி இரண்டு குளிசையை ஒன்றாகக் குறைத்தால், அந்தத் திருப்பணியைப் பெருமான் எந்தக் கணக்கில் வைப்பார்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெருமான் வந்திக்கு இலவசமாக வேலை செய்யவில்லை. கூலி பேசினார், உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்டு வாங்கி உண்டார். கொடுக்கக்கூடியதைக் கொடுத்ததனால் வந்தி இரந்தவள் ஆகவில்லை. கூலி கொடுத்தவளாகவே நின்றாள். முதியவர் தமது வீட்டுக்கு ஒப்பந்தம் எழுத வரும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்கவேண்டியது, "உங்களாலை எவ்வளவு ஏலும்?" என்பதே. அதையே வாடகை என்று எழுதிக்கொள்ளலாம். முற்பணத்தைக் குறைத்து, ஓய்வூதியம் வரும் நாள்வரை தவணை கொடுக்கலாம். மாதந்தோறும் பற்றுச்சீட்டும் கொடுக்கவேண்டும். கோயில் வீதியிலே நின்று, "அவையளுக்கு நான்தான் குறைச்சு விட்டனான்" என்று சொல்லாதிருந்தால், அந்த முதியவர் அடுத்த திருவிழாவுக்கும் தலை நிமிர்ந்து வருவார்.