குதிகாலுக்கு விடுதலை

பைண்டிங் என்றால் எனக்குப் புத்தக பைண்டிங்தான் தெரியும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, பசை வாசனையோடு அட்டை போட்டுத் தருவார்களே, அது. காலுக்கும் பைண்டிங் உண்டு என்பதை 2019 பிப்ரவரியில், அமெரிக்காவின் கொலராடோ மலையில், நாற்பதைத் தொடப் போகிற வயதில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட இடம் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

டென்வரில் இருக்கும் காலேஜ் நண்பன், "இவ்ளோ தூரம் வந்துட்டு ஸ்கீயிங் பண்ணாம போறதாவது" என்று இழுத்துப் போய் ஒரு வாடகைக் கடையில் நிறுத்தினான். கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வயது, எடை, உயரம். பிறகு, நீங்கள் எந்த ரகம்? ஒன்று, மெதுவாக ஜாக்கிரதையாகப் போகிறவர். இரண்டு, நடுத்தரம். மூன்று, செங்குத்துச் சரிவில் பறக்கிறவர். கீழே கையெழுத்து.

இந்தக் கேள்வி எதற்கென்றால், ஸ்கீ பூட்ஸின் முனையையும் குதிகாலையும் பலகையோடு இறுக்கிப் பிடிக்கிற பூட்டுதான் பைண்டிங். அதற்குள் ஒரு ஸ்பிரிங். விழும்போது கால் அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, பலகை கழன்றுவிட வேண்டும். எவ்வளவு முறுக்கினால் விடலாம் என்பதற்கு ஒரு எண். நாம் படிவத்தில் எழுதுவதை வைத்து, கடைப் பையன் ஒரு அட்டவணையைப் பார்த்து அந்த எண்ணைத் திருகி வைப்பான். மூன்றாம் ரகத்துக்கு இறுக்கம். முதல் ரகத்துக்குத் தளர்ச்சி.

பனியையே ஃப்ரீஸரில் மட்டும் பார்த்திருக்கிற நான் ஒன்றைத்தான் டிக் செய்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ரெட்டைச் சடை குட்டிப் பெண்ணுக்கு அவள் அம்மா மூன்றை டிக் செய்தாள். நான் இரண்டை டிக் செய்தேன். கம்பெனிக் கணக்கில் இதற்கு விண்டோ டிரஸ்ஸிங் என்று பெயர். பி.காமில் விழுந்து விழுந்து படித்தேன்.

விழுந்ததும் பிரமாதமாக ஒன்றுமில்லை. நடக்கிற வேகத்தில், கிட்டத்தட்ட நின்றுகொண்டே விழுந்தேன். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, இடது பலகை திரும்பவில்லை. பைண்டிங் என் பொய்யை அப்படியே நம்பி, விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மெதுவாக முறுக்கிக்கொண்டு விழுவதுதான் முட்டிக்கு ஆபத்து என்று பின்னால் சொன்னார்கள். கழன்றுகொள்ளும் பைண்டிங் வந்த பிறகு கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. முட்டித் தசைநார் விஷயத்தில் அத்தனை வெற்றியில்லை.

மல்லாந்து கிடந்தபோதுதான் அவர் வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும், தாடியில் பனித்தூள். அவர் இறங்கி வந்த விதமே விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கால் முன்னே போகிறது, பின்கால் முட்டி மடிந்து பலகையைத் தொடுவது மாதிரி தாழ்கிறது, குதிகால் மேலே எழும்புகிறது. நிமிர்கிறார். மறுபக்கம் முட்டி போடுகிறார். மலை முழுக்க யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்குவது மாதிரி.

கைக்கம்பின் நுனியால் என் குதிகாலுக்குப் பின்னால் இருந்த நெம்பை அழுத்தினார். பலகை கழன்றது. அவர் காலைப் பார்த்தேன். பூட்ஸின் முனை மட்டும் பலகையில் மாட்டியிருந்தது, குதிகால் சும்மா இருந்தது. "எல்லாரும் பூட்டியிருக்காங்களே, நீங்க மட்டும் ஏன்?" என்றேன். "என் மனைவியும் முப்பது வருஷமா இதையேதான் கேட்கிறாள்" என்று சிரித்துவிட்டு, மீட்புக் குழுவுக்குக் கை காட்டிவிட்டு, மறுபடி முட்டி போட்டபடியே போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. இரண்டு நாள் நண்பன் வீட்டு சோஃபாவில், முட்டியில் ஐஸ் பையோடு, வேறு வேலையும் இல்லை.

அவர் செய்ததற்கு டெலிமார்க் என்று பெயர். நார்வேயில் ஒரு வட்டாரத்தின் பெயர் அது. அங்கே மோர்கெடால் என்ற ஊரில் 1825-ல் பிறந்தவர் சோண்ட்ரே நோர்ஹைம். 1868-ல், இன்று ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியாவில் நடந்த போட்டியில், நாற்பத்திரண்டு வயதில் இறங்கி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தவர். குதிகால் விடுதலைக்காரர்களுக்கு இவர்தான் குலதெய்வம். வேடிக்கை என்னவென்றால், இவர் பெயர் நிலைத்ததற்கு ஒரு காரணமே, முறுக்கிய மெல்லிய கிளைகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டியதுதான். அதற்கு முன் பெரும்பாலும் கால் முனையில் மட்டும் ஒரு வார். தாவினால் பலகை தனியாகப் போய்விடும். குதிகால் எழும்பலாம், ஆனால் பலகை ஓடிப்போகக் கூடாது. அவர் தேடியது அவ்வளவுதான். 1884-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897-ல் வடக்கு டகோட்டாவில் இறந்தார். சரிவே இல்லாத சமவெளி அது. மனுஷனுக்கு என்ன தோன்றியிருக்கும்!

அவர் ஏன் குதிகாலை முழுசாகப் பூட்டவில்லை? மலையில் சறுக்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும். குதிகாலைப் பூட்டிக்கொண்டு நடக்க முடியாது. விஷயம் முடிந்தது. 1936-ல் அமெரிக்காவின் சன் வேலியில் முதல் நாற்காலி லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. பழனி ரோப் காரை நினைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குப் பதில் திறந்த நாற்காலி. ஏறுகிற வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. குதிகாலைப் பூட்டினால் பலகை சொன்ன பேச்சு கேட்கும். உலகம் பூட்டிக்கொண்டது. 1970-களில் கொலராடோவின் க்ரெஸ்டட் பியூட் பக்கத்து இளைஞர்கள் டெலிமார்க்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். லிஃப்ட் இல்லாத மலைகளில் திரிய அவர்களுக்கு அது உதவியது, நியாயம். இப்போது ஏறும்போது குதிகாலை விட்டு, இறங்கும்போது பூட்டிக்கொள்கிற பைண்டிங்கும் கடையில் கிடைக்கிறது. அந்தத் தேவையும் போயிற்று.

அப்படியிருக்க, லிஃப்டில் ஜம்மென்று ஏறிவந்து, நடக்கிறவனுக்காக உண்டான முறையில் முட்டி வலிக்க இறங்குவானேன்?

"சும்மா ஃபிலிம் காட்றாங்கடா" என்றான் நண்பன்.

எனக்கும் பாதி அப்படித்தான் பட்டது. என் பாட்டி நாற்பது வருஷம் அம்மியில் அரைத்தாள். வீட்டுக்கு மிக்ஸி வந்த அன்று அம்மியைப் பின்கட்டுக்குத் தள்ளினாள், அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மியில் சட்னி அரைத்து, அதன் ருசியைப் பற்றிப் பேசுவது அவள் பேரன். வேறு வழியில்லாமல் பட்ட கஷ்டத்தை யாரும் கொண்டாடுவதில்லை. வழியிருந்தும் வாங்கிக்கொள்கிற கஷ்டம் தியாகமும் இல்லை. அது ஒரு ருசி. ருசி என்று ஒப்புக்கொண்டால் வம்பே கிடையாது. அந்தத் தாடிக்காரர் தன் குதிகாலைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. பேரன்தான் பேசுகிறான்.

எது இயல்பு, எது வேண்டாத வேலை என்று சொல்வதும் லேசில்லை. 1965-ல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்து ஒரே பலகையாக்கினார். ஸ்னர்ஃபர் என்று பெயர். பிடித்துக்கொள்ள முனையில் ஒரு கயிறு, காலுக்குக் கட்டு எதுவும் இல்லை. 1979-ல் அதற்கான போட்டிக்கு ஜேக் பர்ட்டன், காலைக் கட்டிக்கொள்ளும் பலகையோடு வந்து நின்றார். ஆட்சேபம் கிளம்பியது. கட்டிக்கொண்டு நிற்பது என்ன நியாயம்? கடைசியில் அவருக்காகத் தனிப் பிரிவு உண்டாக்கினார்கள். அந்தக் கட்டுதான் பின்னால் ஸ்னோபோர்டுக்கு இலக்கணமானது. கனடாவில் கட்டே இல்லாத பலகையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

நிற்பதிலும் இதே கதை. இடது கால் முன்னால் இருந்தால் 'ரெகுலர்'. வலது கால் முன்னால் இருந்தால் 'கூஃபி', அதாவது கோமாளித்தனம். நம் ஊரில் இடது கையைப் பீச்சாங்கை என்று ஒதுக்கினோமே, அந்தப் புத்திதான். இரு பாதங்களையும் வாத்து மாதிரி வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறவர்கள் ஒரு கட்சி. கெட்டி பூட்ஸ் போட்டு இரண்டையும் முன்பக்கம் பார்க்க வைத்து, பனியைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு கட்சி. 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா, குதிகால் பூட்டிய ஸ்கீயில் ஒரு தங்கம், ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டில் இன்னொரு தங்கம் வாங்கினார். எப்படி நிற்பது சரி என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

ஆக, எங்கே கட்டிக்கொள்வது என்பது அவரவர் பாடு. என் மனசு இடறியது வேறொரு இடத்தில்.

1937-ல் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஹ்யால்மர் ஹ்வாம் என்ற சறுக்கு வீரர், தானாகக் கழன்றுகொள்ளும் பைண்டிங்கை அந்தப் படுக்கையில்தான் யோசித்தார். டெலிமார்க் பைண்டிங் பலவற்றில் அது கிடையாது. குதிகாலுக்கு விடுதலை, ஆனால் முனையை விடவே விடாது. ஒரு புகழ்பெற்ற நார்வே பைண்டிங்கின் பெயரே ரோட்டெஃபெல்லா, எலிப்பொறி! பனிச்சரிவில் சிக்கினால், கழலாத பலகை நங்கூரம் மாதிரி ஆளை உள்ளே இழுக்கும். கழலும் டெலிமார்க் பைண்டிங்கும் விற்கிறது. வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். குதிகாலைப் பூட்ட மாட்டேன் என்பது ருசி, யாரும் கேட்க முடியாது. கழலவே வேண்டாம் என்பதை அப்படி விட முடியவில்லை. தோண்டியெடுக்க மண்வெட்டியோடு ஓடிவருகிறவன் அந்த ருசிக்குக் கையெழுத்துப் போடவில்லையே.

இதை எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பது தனிக் கேள்வி. என்னை ஸ்லெட்ஜில் வைத்து இறக்கிய இரண்டு பேரும் என் 'நடுத்தர' ரகத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டு எனக்கு ரசம் சாதம் கரைத்துக் கொடுத்த நண்பனின் மனைவியும்தான்.

அன்று சாயங்காலம் பலகையைத் திருப்பிக் கொடுக்க நொண்டிக்கொண்டு கடைக்குப் போனோம். அதே பையன். படிவத்தை எடுத்துப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"பைண்டிங் கழலலையா? நான் தப்பா வெச்சுட்டேனா?"

இருபது வயசுகூட இருக்காது. அடுத்த வரிசையில் ஏழெட்டுப் பேர் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். நண்பன் என்னைப் பார்த்தான்.

"இல்லப்பா, படியில வழுக்கிட்டேன்" என்றேன்.

பையன் பெருமூச்சு விட்டு, பலகையை வாங்கி உள்ளே சாய்த்தான். காரில் ஏற நண்பன் கதவைத் திறந்து பிடித்தான். இடது காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது.